17 கோழிகள், 11 நாள்

மலேசியாவில், பினாங்கின் பத்து காவானில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு தொகுதி பலகைகள் கெட்டுப்போனால் ஏன் கெட்டது, அது ஏன் நடந்தது, அதற்கு முன்னால் என்ன என்று ஐந்து தடவை தோண்டிக் கேட்டு அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. நிபோங் தெபாலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 15 கோழிகள் செத்த பிறகும் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அம்மாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. "செத்தத எழுதி என்ன ஆகப்போவுது" என்றார். அப்புறம் நான் நாள் குறிக்கத் தடுமாறியபோது, எந்தக் கோழி எந்தக் கிழமை போனது என்று ஒன்று விடாமல் சொன்னவரும் அவர்தான்.

மந்தை

11 பெட்டை, 2 சேவல், முட்டைக்கு வராத 4 விடைக்கோழி. ஆக 17. எல்லாம் கம்போங் கோழி, அதாவது நாட்டுக் கோழி. பெரிய சேவலின் பெயர் டத்தோ, இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம். அவன் நடையைப் பார்த்து என் மகள் வைத்தது. கருப்பியும் புள்ளியும் அம்மாவின் செல்லங்கள். கூண்டு, அப்பா பழைய லோரிப் பலகையில் அடித்தது. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது.

தினமும் ஆறே முக்காலுக்கு அம்மா கொல்லை வாசலில் நின்று "பா பா பா" என்று கூப்பிடுவார். ஒவ்வொன்றாகப் படியேறும். அவர் வாய்க்குள் எண்ணுவார். பதினேழு வந்ததும் கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் சாமி விளக்கை ஏற்றுவார். மேலே சொன்ன கணக்கு என் கணக்கு இல்லை, அவருடையது.

நாள் வரிசை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அடைமழைக் காலம், தரை காயவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தையில் ஒரு சேவலும் பெட்டையும் ஜோடியாக வாங்கி வந்தேன். டத்தோவுக்கு வயதாகிவிட்டது, புது ரத்தம் வேண்டும் என்று நினைத்தேன். அன்று மாலையே இரண்டையும் கூண்டுக்குள் விட்டேன். அம்மா பத்தொன்பது எண்ணினார். சந்தையில் அந்தக் கூடைக்குள் இன்னும் எத்தனையோ ஊர்க் கோழிகள் நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்த்தேன்தான். பார்த்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை அந்தப் புதுப் பெட்டை செத்துக் கிடந்தது. அதை முதல் நாளாக வைத்துக்கொள்கிறேன். "இடம் ஒத்துக்கல" என்றார் அம்மா. நானும் அதையே நம்பினேன். வாழை மரத்தடியில் ஒரு முழக் குழியில் புதைத்தோம். இரண்டாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு. கருப்பி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கொண்டை கருநீலமாகியிருந்தது. தூக்கினால் அலகிலிருந்து புளித்த வாடையோடு தண்ணீர் ஒழுகியது. எச்சம் பாசிப் பச்சை. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாள். ஒரு விடைக்கோழியும் அதேபோல் இருந்தது. மழைச் சளி என்று முடிவு கட்டினேன். கருப்பியை மைலோ அட்டைப்பெட்டியில் அரிசிச் சாக்கு விரித்து அடுப்படியில் வைத்தோம். அம்மா மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, அலகைப் பிரித்து ஊட்டினார். மணிக்கு ஒருமுறை.

நான்காம் நாள் தீவனக் கடையில் ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார்கள், தண்ணீரில் கலக்கச் சொல்லி. அது நுண்ணுயிர்க்கொல்லி. வைரஸை அது ஒன்றும் செய்யாது என்று இப்போது தெரியும். அன்று விடைக்கோழி போனது. ஐந்தாம் நாள் கருப்பியும் இன்னும் இரண்டும். ஆறாம் நாள் டத்தோவையும் சேர்த்து இரண்டு. ஏழாம் நாள் மூன்று, எட்டாம் நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று. பதினோராம் நாள் புள்ளி.

ஐந்தாம் நாள் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்மாமா போனில் அழைத்தார். "சாகறதுக்குள்ள மிச்சத்த அறுத்து ஃபிரீசர்ல போடுடா, தீபாவளிக்கு ஆகும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர், அங்கே அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் "பாக்கறேன் மாமா" என்றேன். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "அதுங்களுக்கு நான் பேரு வச்சிருக்கேன் தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கண்டறிதல்

மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு ஐந்தாம் நாள் மதியம்தான் போன் செய்தேன். மூன்றாம் நாளே செய்திருக்க வேண்டும். செய்யாததற்குக் காரணம் வெட்கம்தான். நம் வீட்டில் சீக்கு என்று வெளியே தெரிந்தால் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அத்தை என்ன நினைப்பார், பக்கத்து வீட்டு அங்கிள் என்ன நினைப்பார் என்ற கூச்சம்.

மறுநாள் ஒரு மருத்துவரும் உதவியாளரும் முகக்கவசம், கையுறை, ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். அந்த உடையைப் பார்த்ததும் அம்மா பயந்துவிட்டார். கோழிகள் இப்படிக் கூட்டமாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலை முதலில் விலக்கியாக வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 2004இல் கிளந்தானில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்தது, 2006இல் நம் பினாங்கையும் தொட்டது, 2017இல் மறுபடி கிளந்தான். வெளித் தோற்றத்தை வைத்து மட்டும் அதையும் மற்றக் கோழி நோய்களையும் பிரித்துச் சொல்ல முடியாதாம். மாமா சொன்ன யோசனையைக் கேட்டதும் கூடாது என்று தலையை ஆட்டினார். சீக்குக் கோழியை அறுத்தால் ரத்தமும் இறகும் வீடு முழுக்கப் பரவும். அது பறவைக் காய்ச்சலாக இருந்துவிட்டால் அறுக்கிறவருக்கே ஆபத்து.

டத்தோவைத் திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பிப் பையின் உள்பக்கத்தில் சிவப்பு சிவப்பாக ஊசி குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள். "சம்பார் ஆயாம்" என்று மலாயில் சொன்னவர், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், "வெள்ளைக் கழிச்சல்மா" என்றார். தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். சில நாளில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. நியூகாசல், அதாவது அவர் சொன்ன அதே வெள்ளைக் கழிச்சல்.

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் முதலில் பதிவான நோய் இது. மறு வருடமே இந்தியாவின் இராணிக்கேத்தில் தெரிந்ததால் தமிழ்நாட்டில் இராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். மருந்து கிடையாது. தடுப்பு போடாத மந்தையில் கடுமையான வகை புகுந்தால் கூண்டே காலியாகலாம். மனிதருக்குப் பெரும்பாலும் கண் சிவப்பதோடு போய்விடும். எட்டாம் நாள் எனக்கு இடது கண் ரத்தமாகச் சிவந்து, ஒரு வாரத்தில் தானாகச் சரியானது. அதற்குள் என் மனைவி என்னைச் சமையலறைப் பக்கமே விடவில்லை.

ஏன், ஏன்

முதல் ஏன் சுலபம். சந்தை ஜோடியைத் தனியே அடைத்து வைக்காமல் அன்றே கூட்டத்தில் விட்டது. இந்த நோய் உடம்பில் அரும்ப பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், சிலசமயம் இரண்டு வாரத்துக்கும் மேல். உலக விலங்கு சுகாதார அமைப்பு இதற்கு 21 நாள் கணக்கு வைக்கிறது. ஞாயிறு வந்த பெட்டை வெள்ளி செத்தது என்றால் வரும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இரண்டாவது ஏன், பரவல். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அடுப்படியில் கருப்பிக்கு ஊட்டிய அதே கையோடு அம்மா கூண்டுக்குப் போனார். அவள் தின்னாமல் விட்ட நொய்க்கஞ்சியை வீணாக்கக்கூடாது என்று மற்றவற்றுக்குப் போட்டார். ஒரே கோப்பையில் எல்லாவற்றுக்கும் தண்ணீர். நான் செத்ததைப் புதைத்துவிட்டு அதே சிலிப்பரோடு கூண்டுக்குள் போய் எதெல்லாம் சோர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. மகள் புள்ளியை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே போய் விடைக்கோழிகளைத் தடவினாள். எச்சத்திலும் சளியிலும் வைரஸ் கொட்டிக் கிடந்த நேரம் அது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நாங்கள் மிதித்துச் செத்தது.

மருத்துவர் திட்டவில்லை. வேலையின் வரிசையை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி, தண்ணீர். கடைசியில்தான் சீக்கானவை. கூண்டுக்கென்று தனிச் சிலிப்பர், வாசலில் சோப்புத் தண்ணீர் வாளி. சீக்குக் கோழியைப் பார்த்த பிறகு அன்று மறுபடி மற்றதைத் தொடக்கூடாது. இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு, சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும். குளோரக்ஸ் என்கிற பிளீச் பிறகு. எச்சம் ஒட்டிய பலகையில் நேரே குளோரக்ஸ் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும். தேய்த்துக் கழுவி, பிறகு ஊற்றி, வெயிலில் காயப்போட வேண்டும். வெயில்தான் அந்த வாரம் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஏன்: கோழிகளுக்குத் தடுப்பு ஏன் இல்லை? "கடைசியா எப்ப போட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவின் நாட்காட்டித் தாள்கள் ஞாபகம் வந்தது. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் அவர் கணக்கு எழுதுவார். பெரிய கிளிப்பில் கோத்து அலமாரியில் இருந்தது. நாலு மாதத்துக்கு ஒருமுறை, "கோழி சொட்டு" என்று எழுதி, பக்கத்தில் வீடுகளின் பெயரும் எண்ணிக்கையும். கடைசித் தாள் அவர் படுத்த படுக்கையாவதற்கு இரண்டு மாதம் முந்தியது.

அந்த ஞாயிறுகள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அப்பா பிளாஸ்கில் ஐஸ் போட்டு ஒரு சின்னக் குப்பியைக் கொண்டு வருவார். நாலு வீட்டுக்காரர்களும் கோழிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வருவார்கள். மக்சிக் கோரெங் பீசாங் பொரித்துக் கொண்டுவருவார். பிள்ளைகள் கோழியைப் பிடிக்க, அப்பா கண்ணில் ஒரு சொட்டு விடுவார், கோழி கண்ணை மூடித் திறந்ததும் "அடுத்தது". குப்பிக் காசை வீட்டுக்கு மூன்று வெள்ளி (ரிங்கிட்) என்று பிரித்துக்கொள்வார்கள். எனக்கு அது அப்பாவின் பொழுதுபோக்காகத் தெரிந்தது. கூட்டம் சேர்க்கப் பிடிக்கும், அதற்கொரு சாக்கு என்று நினைத்தேன்.

இப்போது புரிகிறது. தடுப்பு மருந்துக் குப்பி 100, 200 சொட்டுக் கணக்கில்தான் வரும். கலக்கினால் இரண்டொரு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், எடுத்து வைக்க முடியாது. 17 கோழி வைத்திருப்பவன் தனியாக வாங்கினால் முக்கால்வாசி வீண், அதனாலேயே வாங்கமாட்டான். நாலு வீடு சேர்ந்தால்தான் அது நடக்கும். கம்போங் கோழிக்கு இது எவ்வளவு சிக்கல் என்று தெரிந்துதான் 1980களில் செர்டாங் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து, சூடு தாங்கும் வி4 என்ற தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கிற மாதிரி செய்து பார்த்தார்கள் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கண்ணில் விடுவதுதான் நிச்சயம் என்றார்.

நான்காவது ஏன், ஐந்தாவது ஏன் எழுத முயன்றேன். "அப்பா போன பிறகு அந்த ஞாயிறை யாரும் கூட்டவில்லை" என்பதற்குக் கீழே எனக்குத் தோண்டத் தெரியவில்லை. காரியத்துக்கு வந்த சொந்தங்கள் பாங்க் புத்தகம், வீட்டு கிராண்ட் பத்திரம், மோட்டார் என்று எல்லாவற்றையும் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கோழி சொட்டு யார் பொறுப்பு என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புள்ளி

பதினோராம் நாள் காலையில் புள்ளியின் கழுத்து முறுக்கிக்கொண்டு அலகு வானத்தைப் பார்த்தது. நிற்க முயன்றால் பின்பக்கமாகக் கரணம் போட்டு விழுந்தாள். தண்ணீர்க் கோப்பையை நோக்கிக் குனிய முடியவில்லை. இரண்டு காலும் இழுத்துவிட்டது. கஷ்டப்பட்டால் எப்படி முடித்துவைப்பது என்று மருத்துவர் எனக்குச் செய்து காட்டியிருந்தார். கழுத்தை ஒரே இழுப்பில் விலக்கிவிட வேண்டும், தயங்கினால்தான் அதற்கு வலி.

அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். ஒரு தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்து வந்து சொட்டுச் சொட்டாக அலகில் விட்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுதொட்டியில் பாத்திரம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வேலையை முடித்த பிறகும் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அதற்குப் பிறகு

மூன்றடிக் குழி, சுண்ணாம்பு. முதலில் வாழை மரத்தடியில் புதைத்ததையும் தோண்டி எடுத்து அதில் சேர்த்தோம். செத்த கோழியை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், வீசுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, அந்தத் தண்ணீர் கிரியான் ஆறுவரை போகும். மக்சிக் ஐந்தாம் நாளே தன் ஒன்பது கோழிகளையும் அடைத்துவிட்டார், ஒன்றும் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுடையவை கொல்லை கொல்லையாக மேய்கிறவை, நான்கு செத்தன. எங்களால்தான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியோடு வந்து, என் குழி ஆழம் போதாது என்று கையைக் காட்டிவிட்டு, அவரே இறங்கி வெட்டினார்.

"கோழிக்குப் போயா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. நாங்கள் கோழி தின்கிற குடும்பம், ஞாயிறு தவறாமல். அம்மா சந்தைக் கோழியைக் கூசாமல் மஞ்சள் தடவி வெட்டுவார். வீட்டுக் கோழியை இந்த இருபது வருடத்தில் ஒருமுறைகூட அறுத்ததில்லை. இது முரண்பாடு என்று நான் விளக்கப் போனபோது, "நீ ஊரு பிள்ளைங்களுக்கெல்லாமா ஸ்கூல் ஃபீஸ் கட்டற?" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஆட்டுக்கறி.

மகளிடம் நான் முதலில் பொய் சொன்னேன், கருப்பியை ஈப்போவில் ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டதாக. இரண்டு நாள் கழித்து அவள் குழியைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. "பண்ணைக்கு அனுப்பினது எத்தன, இதுல இருக்கறது எத்தன" என்று கேட்டாள். அன்றிலிருந்து உண்மையைச் சொன்னோம். நாட்காட்டித் தாளில் செத்தவற்றின் பெயரையும் கிழமையையும் அவளையே எழுத வைத்தேன். இந்த ஆய்வின் நாள் வரிசை அந்தத் தாளிலிருந்து வந்ததுதான், எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

கடைசிச் சாவிலிருந்து குறைந்தது 21 நாளுக்குப் புதுக் கோழி கூடாது, முடிந்தால் அதற்கு இரண்டு மடங்கு பொறுங்கள் என்றார் மருத்துவர். அம்மா விரல் விட்டு எண்ணி, "பதினாறு முடிஞ்சு அஞ்சு நாளு" என்றார். எத்தனையோ பேர் நல்ல எண்ணத்தோடு குஞ்சு கொண்டுவந்து தர வந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அந்தக் கணக்கு எங்களுக்கு உதவியது.

பிழைத்தது நான்கு. இரண்டு வயதான பெட்டைகள், அப்பா கையால் பல தடவை சொட்டு வாங்கியவை. பழைய தடுப்பின் மிச்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். ஒரு விடைக்கோழி, கழுத்து கோணிவிட்டது, நடந்தால் வட்டமடிக்கும். மகள் அதற்கு ரவுண்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். அதற்குத் தனித் தட்டில், கொஞ்சம் உயரத்தில், குழைந்த சோறு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொத்துவது தட்டுக்கு வெளியேதான் விழும். நான்காவது, நான் வாங்கி வந்த சந்தைச் சேவல். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தடுப்பு போட்ட கோழி நோய் காட்டாமலே வைரஸைச் சுமந்து பரப்ப முடியும். அவன் அப்படித்தானா, இல்லை அவனோடு வந்த பெட்டை மட்டும்தானா என்பதெல்லாம் அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று சொல்லிவிட்டதால் அவன் இங்கேயே இருந்தான். அம்மா அவனுக்குத் தீனி போட்டார். பார்க்கமாட்டார். மாலையில் "பா பா பா" என்று கூப்பிட்டு, நான்கும் படியேறிய பிறகு "மூணு" என்று சொல்லிக் கொக்கியைப் போடுவார்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, 200 சொட்டுக் குப்பி ஒன்றை அப்பாவின் பிளாஸ்கில் கொண்டு வந்தேன். மக்சிக்குடைய ஒன்பது, அங்கிளுடைய ஐந்து, மூலை வீட்டில் பதின்மூன்று, எங்களுடைய நான்கு. 31 சொட்டு போக மீதியை மருத்துவர் சொன்னபடி கொதிக்கவைத்துக் கொட்டினோம். எனக்குக் கை நடுங்கி முதல் இரண்டு கோழிக்கு மூக்கில் விட்டுவிட்டேன். அங்கிள் சிரித்தார். சந்தைச் சேவலைப் பிடிக்கப் பிள்ளைகளால் முடியவில்லை, கொல்லையைச் சுற்றி ஓடவிட்டான். கடைசியில் அம்மா எழுந்து போய், இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்துத் தூக்கி வந்து, அவன் தலையைத் தன் கட்டைவிரலால் சாய்த்துப் பிடித்தார். "சீக்கிரம் விடுடா, எவ்வளவு நேரம் நான் புடிச்சிருக்கறது."

அன்று ஆறே முக்காலுக்கு மழை தூறியது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார். ரவுண்டு இரண்டு வட்டம் அடித்துக் கடைசியாக ஏறியது.

"நாலு," என்று சொல்லிக் கொக்கியைப் போட்டார்.